வியர்வைக் கணக்கு: உண்ட புரதமும் உடல் இழக்கும் நைட்ரஜனும்

நான் மருத்துவனும் அல்லன். வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவனும் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பிழைப்பைத் தேடிக் கல்கத்தா வந்து, போஸ்தா பஜாரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். அறுபதைக் கடந்துவிட்டேன். காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகள்தான் எனக்குப் பல்கலைக்கழகம். பருப்பு விற்பவன் பருப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று தொடங்கிய வாசிப்பு, உணவு அறிவியலின் வரலாற்றில் கொண்டுபோய் விட்டது.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கோடை வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஐயா, பையன் ஜிம்முக்குப் போறான், வேர்வையா கொட்டுது. சாப்பிட்ட சத்தெல்லாம் அதுல போயிடுமாமே, புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?" என்பார்கள். கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. ஆனால் இதற்கு விடை காண அறிவியலுக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. இடையில் இதே கணக்கை வைத்துத்தான் பஞ்சக் கூலிக்கும் சிறைக் கைதிக்கும் படி அளந்தார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உயிரற்ற காற்றும் உயிர்ச்சத்தும்

முதலில் ஒரு சிறு விளக்கம். புரதத்துக்கும் மாவுச்சத்து, கொழுப்பு ஆகியவற்றுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு நைட்ரஜன். புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே 1 கிராம் நைட்ரஜன் கண்டால் அது 6.25 கிராம் புரதத்துக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். நாம் உண்ணும் புரதம் உடலில் சிதையும்போது அதன் நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவாக மாறிச் சிறுநீரில் போகிறது. கொஞ்சம் மலத்தில் போகிறது. இன்னும் கொஞ்சம் வியர்வையிலும், உதிரும் தோலிலும், முடியிலும், நகத்திலும் போகிறது. உணவில் வந்தது வரவு. இப்படிப் போவதெல்லாம் செலவு. இரண்டும் சரிக்குச் சரியாக நின்றால் அதற்கு நைட்ரஜன் சமநிலை என்று பெயர். எங்கள் பேரேட்டில் வரவு செலவு பார்ப்பது போலத்தான்.

எடின்பரோவில் டேனியல் ரூதர்ஃபோர்டு 1772இல் நைட்ரஜன் வாயுவைப் பிரித்தறிந்தார். அதில் விட்ட எலி செத்துப்போனது. அதனால் பிரெஞ்சு அறிஞர் லவாசியே அதற்கு 'உயிரில்லாதது' என்னும் பொருள்படப் பெயரிட்டார். உயிரில்லாதது என்று பெயர் பெற்ற அதுவே உயிருக்கு இன்றியமையாதது என்பதை 1816இல் பிரான்சுவா மஜாந்தி காட்டினார். சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கொடுத்து நாய்களை வளர்த்துப் பார்த்தார். அவை மெலிந்து மாண்டன. (உயிர்க்கொலை தவிர்க்கும் குலத்தில் பிறந்தவனுக்கு இதை எழுதக் கை கூசத்தான் செய்கிறது, ஆயினும் நடந்தது இது.) 1838இல் முல்டர் என்ற டச்சு வேதியியலார் 'புரோட்டீன்' என்னும் சொல்லை அச்சில் கொண்டுவந்தார். 'முதன்மையானது' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல் அதற்கு வேர். அடுத்த ஆண்டு, 1839இல், பூசிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பசுவுக்கும் ஒரு குதிரைக்கும் தீனியில் எவ்வளவு நைட்ரஜன் போனது, சாணத்திலும் சிறுநீரிலும் பாலிலும் எவ்வளவு வந்தது என்று நிறுத்துக் கணக்கெழுதினார். முதல் நைட்ரஜன் பேரேடு அதுதான் எனலாம்.

தராசில் அமர்ந்த மருத்துவர்

வியர்வையின் கதை இதற்கெல்லாம் முந்தியது. இத்தாலியின் பாதுவா நகரில் சாங்டோரியஸ் என்ற மருத்துவர் பெரிய தராசு ஒன்றில் நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலேயே அமர்ந்து உண்டு தம் எடையைப் பல ஆண்டுகள் குறித்துவந்தார். தம் முடிவுகளை 1614இல் நூலாக வெளியிட்டார். 8 பவுண்டு உணவும் நீரும் உட்கொண்டால் அதில் 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஆவியாகிப் போகிறது என்பது அவர் கண்டது. மலமும் சிறுநீரும் மட்டுமே செலவு என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய வியப்பு.

லவாசியேயும் அவருடைய உதவியாளர் செகுவானும் 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தனர். காற்றுப் புகாதபடி பிசின் பூசிய பட்டுச் சட்டைக்குள் செகுவானை அடைத்து, மூச்சில் போவது எவ்வளவு, தோலில் போவது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார்கள். 1794இல் லவாசியே கில்லட்டினுக்குப் பலியானார்.

ஆனால் சாங்டோரியஸ் அளந்தது மொத்த எடையைத்தான். போவதில் தண்ணீர் எவ்வளவு, சத்து எவ்வளவு என்று பிரிக்கும் வழி அவரிடம் இல்லை. அந்த வழி எளிதானது 1883இல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பாலையின் ஆய்வுக்கூடத்தில் ஜொஹான் கெல்டால் என்பவர் நைட்ரஜனை அளக்க ஒரு முறை கண்டார். பார்லியின் புரதத்தை அளக்க எழுந்த முறை அது. பருப்பு மாதிரியை ஆய்வுக்கு அனுப்பினால் அதன் புரத அளவை இந்த முறையிலோ, இதிலிருந்து கிளைத்த முறையிலோதான் சொல்வார்கள்.

எண் ஒன்று சட்டமான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் லீபிக் பெரும்புகழ் பெற்றிருந்தார். தசை உழைப்பதற்கு எரிபொருள் புரதமே என்பது 1842இல் அவர் வெளியிட்ட நூலின் கருத்து. உழைப்பாளி நிறையப் புரதம் உண்ண வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. 1865இல் ஃபிக், விஸ்லிசேனுஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் 1,956 மீட்டர் ஏறினார்கள். ஏறுவதற்கு முன்பிருந்தே புரதமுள்ள உணவை ஒதுக்கிவிட்டு, சிறுநீரைச் சேகரித்து நைட்ரஜனை அளந்தார்கள். எரிந்த புரதம் அந்த ஏற்றத்துக்குப் போதவே போதாது என்று தெரிந்தது. உழைப்புக்கு முதன்மையான எரிபொருள் மாவுச்சத்தும் கொழுப்பும்தான் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனாலும் பழைய எண்ணம் சுலபத்தில் போகவில்லை. மியூனிக்கில் வாய்ட் என்ற பேராசிரியர் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்றார். அந்த ஊரில் உழைப்பாளர்கள் உண்டதைப் பார்த்து வந்த எண் அது. 'உண்பது' எப்படியோ 'உண்ண வேண்டியது' ஆகிவிட்டது.

இந்த வாதம் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் நம் சென்னை மாகாணம் பட்ட பாட்டை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1877 ஜனவரியில் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியத்தின் விலையும் அதோடு அரை அணாவும் கூலி போதும் என்று குறைத்தார். அதற்கு முன் தானியக் கணக்கு ஒன்றரைப் பவுண்டு. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். சென்னை மாகாண மக்களின் உணவைப் பற்றி 1863இலேயே அறிக்கை எழுதியவர் அவர். வெறும் தானியத்தில் உழைக்கும் உடம்புக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து கிடைக்காது, பருப்பும் வேண்டும் என்று அறிவியல் கணக்குக் காட்டி வாதாடினார். 1877 மே மாதத்தில் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அந்தக் கூலியில் மண் சுமந்தவர்களின் நிலை என்ன? வெயிலில் வியர்வை சிந்தி வேலை செய்தவர்களுக்கு ஒரு பிடி பருப்பு உண்டா இல்லையா என்பது இரண்டு அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்தில் முடிவானது. நைட்ரஜன் கணக்கு என்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஒரு வழக்கு

1904இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துச் சிட்டெண்டன் ஒரு நூல் வெளியிட்டார். தாமே புரதத்தை நாளொன்றுக்கு 40 கிராம் அளவுக்குக் குறைத்து உண்டு, படைவீரர்களையும் விளையாட்டு வீரர்களையும் குறைந்த புரதத்தில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்து, வாய்ட் சொன்னதில் பாதிக்கும் குறைவே போதும், உடம்பு நன்றாகவே இருக்கிறது என்றார்.

இதற்கு மறுப்பு எழுந்தது நம் கல்கத்தாவிலிருந்து. 1835இல் தொடங்கப்பட்டு இன்றும் காலேஜ் தெருவில் நிற்கும் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்தவர் மேஜர் மெக்கே. 1908 முதல் வங்காளிகளின் சிறுநீர் நைட்ரஜனையும் வங்கச் சிறைகளின் உணவையும் ஆராய்ந்து, 1912இல் புரதத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். சாதாரண வங்காளியின் உடலில் புழங்கும் புரதம் வாய்ட் அளவில் பாதிகூட இல்லை, சிட்டெண்டன் சொன்ன அளவைத்தான் வங்காளி காலங்காலமாக உண்டுவருகிறான், அதனால்தான் உடற்கட்டு குறைவு என்பது அவர் வாதம். சோற்றின் அளவு மிகும்போது அதிலுள்ள புரதம் சரியாகச் செரித்து உடலில் சேர்வதில்லை என்று அவர் கண்டது பயனுள்ள செய்தி. ஆனால் வறுமை, மலேரியா, கொக்கிப்புழு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓர் இனத்தின் வலிமையையே புரதத்தோடு முடிச்சுப் போட்டது, கணக்கில் இல்லாத சரக்கை விற்றதற்குச் சமம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வாய்ட் முதல் மெக்கே வரை அக்காலத்துக் கணக்குகள் பெரும்பாலும் சிறுநீரையும் மலத்தையும் நம்பியே நின்றன. குளிர் நாட்டில் வகுத்த கணக்கு என்பதால் வியர்வையைச் சில்லறைச் செலவு என்று விட்டுவிட்டார்கள். வைகாசி வெயிலில் வேலை செய்பவனுக்கு அது சில்லறையா?

சில்லறைச் செலவை எண்ணியவர்கள்

அதை முறையாக எண்ணியவர்களில் முன்னோடி ஃபிரான்சிஸ் பெனடிக்ட் என்ற அமெரிக்கர். 1906இல் அவர் வெளியிட்ட ஆய்வின் முறை மிக எளிமையானது. நன்றாகக் குளிப்பாட்டிய ஆளுக்கு, அலசிச் சுத்தம் செய்த பருத்தி உள்ளாடையை அணிவிப்பது. பிறகு உடம்பையும் துணியையும் நீரில் கழுவி, அந்த நீரிலுள்ள நைட்ரஜனை அளப்பது. சும்மா இருப்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.07 கிராம். கடுமையாக உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே சுமார் 0.2 கிராம். சில்லறை என்று நினைத்தது சில சமயம் நோட்டாகவும் ஆகும் என்று தெரிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது. 1949இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மிட்செல், ஹாமில்டன் இருவரும் வெப்ப அறையில் ஆட்களை வைத்துத் தோல்வழி இழப்பை அளந்தனர். 1963இல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்துக் கன்சொலாசியோ குழுவினர், வெப்பத்தில் வியர்வை வழியே நைட்ரஜன் கணிசமாகப் போகிறது, அதற்கு ஈடாகச் சிறுநீரில் குறையவில்லை, ஆகவே புரதத் தேவை கூடும் என்றனர். இது உண்மையானால் வெப்ப நாட்டு ஏழை உழைப்பாளியின் நிலை பரிதாபம்தான். உண்பதோ குறைவு, அதிலும் வியர்வை திருடிக்கொண்டு போகிறது.

நான்கே ஆண்டுகளில் ஜமைக்காவிலிருந்து மறுபக்கம் தெரிந்தது. 1967இல் ஆஷ்வொர்த், ஹாரோவர் என்ற இருவர் அந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு வியர்வையில் நைட்ரஜன் போனபோது சிறுநீரில் போவது குறைந்து கணக்கு நேராகிவிட்டது. அதே 1967இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் சிர்பு, மார்கன், காலோவே மூவரும் புரதத்தைக் குறைத்து உண்டால் தோல்வழி இழப்பு என்னவாகிறது என்று நேராகவே பார்த்தார்கள். உண்பது குறைந்தால் இழப்பதும் குறைகிறது. 1971இல் காலோவே குழுவின் விரிவான ஆய்வும் இதை உறுதிசெய்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. வியர்வையில் உள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு யூரியா. அது இரத்தத்திலிருந்து வருகிறது. நிறையப் புரதம் உண்டால் இரத்தத்தில் யூரியா ஏறும், வியர்வையிலும் ஏறும். குறைவாக உண்டால் இரண்டிலும் இறங்கும். சிறுநீரகம் முற்றிலும் பழுதானவர்களுக்கு யூரியா தோலின்மேல் வெண்படலமாகப் பூத்துவிடுவதுண்டு என்று மருத்துவ நூல்கள் கூறும். தோலும் அந்த யூரியாவுக்கு ஒரு வாசல் என்பதற்கு அது சான்று. ஆக, வேர்வையில போறது பெரும்பாலும் உடம்பு வேண்டாம்னு ஒதுக்கின கழிவு. தசை கரைஞ்சு ஒழுகுறதில்ல.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலர் ஒரு கையை மட்டும் உறையில் அடைத்து, அந்த வியர்வையை வைத்து உடம்பு முழுதுக்கும் பெருக்கினார்கள். கை வியர்வையும் முழு உடம்பின் வியர்வையும் ஒன்றல்ல என்று 1966இல் கன்சொலாசியோ குழுவினரே ஒப்பிட்டுக் காட்டினர். ஒரு மூட்டையின் மேல்வாய்ச் சரக்கைப் பார்த்து லாரிக்கே விலை பேசுவது போன்றது அது.

உலகக் குழுவின் எண்கள்

இனிக் கணக்குக்கு வருவோம். உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு, தோலுக்கும் இதர சில்லறை இழப்புக்குமாக ஓர் ஆணுக்கு 1973இல் உடல் எடை கிலோவுக்கு 5 மில்லிகிராம் நைட்ரஜன் என்று வைத்தது. 1985இல் 8 மில்லிகிராம் என்றது. 2007இல் வெளியான அறிக்கையில்தான் வெயில் நாடு தனி, மித நாடு தனி என்று பிரித்தார்கள். மித நாட்டுக்கு 4.8, வெப்ப நாட்டுக்கு 11.

60 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மித நாட்டில் 288 மில்லிகிராம். வெப்ப நாட்டில் 660 மில்லிகிராம். வித்தியாசம் 372 மில்லிகிராம். 6.25ஆல் பெருக்கினால் சுமார் 2.3 கிராம் புரதம். துவரம் பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம். ஆக இந்த வித்தியாசம் பத்துப் பதினோரு கிராம் பருப்பு. அது முழுதும் செரிக்காது என்று தள்ளிவைத்தாலும் 15 கிராமுக்குள் அடங்கிவிடும். வெப்ப நாட்டுக்கென்று தனித் தேவையும் அந்த அறிக்கை விதிக்கவில்லை. வளர்ந்தவருக்கு உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் நல்ல புரதம் என்ற ஒரே அளவையே சொன்னது. நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். நிறுவனமும் 2020 பரிந்துரையில் அதே அளவையே ஏற்றது. 60 கிலோ எடைக்கு அது சுமார் 50 கிராம்.

இந்தப் பரிந்துரையைத் தயாரித்த ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் நம் நீலகிரியில் உள்ளது. குன்னூரில் 1918இல் மெக்கரிசன் பெரிபெரி நோய் ஆய்வுக்காகத் தொடங்கிய ஒற்றை அறைக் கூடமே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் இப்பெயர் பெற்றது.

சோறு புரதத்தைக் காக்கும்

வியர்வை யூரியாவைக் கூட்டும் இன்னொரு காரணமும் உண்டு. பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1980இல் லெமன், முல்லின் என்ற இருவர் மாவுச்சத்து இருப்புக் குறைந்த நிலையில் ஆட்களை உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தனர். இருப்பு நிறைந்தபோது இருந்ததைவிட வியர்வையில் யூரியா மிகவும் கூடியது. எரிக்கச் சோறு இல்லாதபோது உடம்பு புரதத்தை எடுத்து அடுப்பில் போடுகிறது. மலையேறிய ஃபிக்கும் விஸ்லிசேனுஸும் 1865இல் காட்டியதன் மறுபாதி இது.

இந்தியாவுக்கு இது பெரிய பாடம். 1968இல் ஐ.நா. சபை உலகப் புரத நெருக்கடி வருகிறது என்று அறிக்கை விட்டது. புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே, இந்திய ஏழைக்குக் குறைவது தனியே புரதம் அல்ல, மொத்த உணவே குறைவு. வயிறார உண்டால் புரதக் குறையும் பெரும்பாலும் தீரும் என்று வாதிட்டார். 1974இல் மக்லாரன் என்பவர் லான்செட் இதழில் அந்தப் புரதப் பதற்றத்தையே பெருந்தோல்வி என்று எழுதினார். ஆனால் வயிறு நிறைய வெறும் சோறு மட்டும் போதும் என்றும் இதற்குப் பொருளல்ல. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாட் குழுவினர் இந்தியர்களிடம் செய்த ஆய்வுகள் லைசின் தேவை முன்பு கருதியதைவிட அதிகம் என்று காட்டின. 2007 அறிக்கை அதைக் கிலோவுக்கு 12 மில்லிகிராமிலிருந்து 30 ஆக உயர்த்தியது. அந்த லைசின் பருப்பில் தாராளம். பாலிலும் உண்டு.

அன்பர்களுக்குச் சொல்ல விரும்புவது

வேர்வை கொட்டும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் உப்பும். ஒரு செம்பு நீர்மோர் கொடுங்கள். அடுத்து, பசியோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். மூன்றாவதாக, சோற்றோடும் சப்பாத்தியோடும் பருப்பு, பயறு, கடலை, தயிர் என்று ஏதாவது ஒன்று வேளைதோறும் இருக்கட்டும். வேர்வையில் போனதை ஈடுகட்டுகிறேன் என்று டப்பா டப்பாவாகப் புரதத் தூள் கரைத்துக் கொடுத்தால், உடம்புக்குத் தேவையானது போக மிஞ்சியது யூரியாவாகிச் சிறுநீரிலும் வேர்வையிலுமே வெளியேறும். காசும் அதோடு போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ மருத்துவர் சொற்படிதான் செய்ய வேண்டும். பருப்பு வியாபாரி பேச்சைக் கேட்டு அல்ல!

நம் வீடுகளில் இது ஒரு பிடி பருப்பு விஷயம். ஆனால் செங்கல் சூளையிலும் சாலை வேலையிலும் மே மாத வெயிலில் நிற்பவர்களுக்கு அப்படியல்ல. அவர்கள் உடம்பும் வியர்வைக் கணக்கை நேர்செய்யப் பார்க்கும். ஆனால் நேர்செய்வதற்கு வரவு என்று ஒன்று இருந்தாக வேண்டும். 1877இல் கார்னிஷ் கேட்டது அந்த வரவைத்தான். நம் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் வருபவர்களுக்கு மதியச் சாப்பாடு போடும்போது, சோற்றை அளக்கும் அதே தாராளத்தோடு பருப்பையும் ஊற்றுவோம்.